ஒற்றை ஷூவும் ஒரு நிலையத்தின் திருப்தியும்

அக்காவின் வலது ஷூ பஸ்ஸிலேயே போய்விட்டது. நான் இறங்கினேன், ஷூ இறங்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

அக்காவைக் கேட்டால் இப்படி விடமாட்டாள். "ஒரு ஸ்டாப் முன்னாடியே எதுக்குடா இறங்குன? அதையும் சேர்த்துச் சொல்லு" என்பாள். சரி, சொல்கிறேன். என் கையில் இருக்கும் வாட்ச், நான் ஒரு நாளில் எத்தனை அடி நடக்கிறேன் என்று எண்ணும். பத்தாயிரம் ஆகிவிட்டால் கிர்ரென்று அதிர்ந்து, திரையில் குட்டியாக ஒரு வெற்றிக் கோப்பையைக் காட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோப்பைக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தால் கணக்கு நேராகிவிடும் என்று, வாட்சைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டேன். வீட்டு வாசலில் கோப்பை வந்தது. ஷூ இருந்த பை வரவில்லை.

அது சும்மா ஷூ என்றால் பரவாயில்லை. அக்காவின் வலது கால் பிறவியிலேயே இடது காலைவிடக் குட்டை. அதற்காக அளவெடுத்து, அடிப்பாகத்தைக் கனமாக வைத்துச் செய்த ஷூ அது. அதைப் போட்டுக்கொண்டால் அக்கா யாரையும் முந்திக்கொண்டு நடப்பாள். போடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அடி கொஞ்சம் பிளந்திருந்ததால் ஒட்டக் கொடுத்திருந்தோம். அதை வாங்கி வரத்தான் என்னை அனுப்பினாள். புதிதாகச் செய்யச் சொன்னால் இரண்டு மாசம் ஆகும் என்று ஷூ செய்கிறவர் போனிலேயே கையை விரித்துவிட்டார்.

திங்கட்கிழமை அக்காவுக்குப் புது வேலை. அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களைக் கூட்டிக்கொண்டு கூடம் கூடமாக நடக்க வேண்டும். முதல் வாரம் சோதனை வாரம், தேறினால்தான் வேலை நிரந்தரம். இந்த வேலைக்காக அவள் ஒரு மாசமாக ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று, "உங்கள் இடது பக்கம் பாருங்கள்" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜின் இடது பக்கத்தில் எப்போதும் நான்தான் நிற்பேன்.

"நீ பத்தாயிரம் அடி நடந்துட்ட. சந்தோஷம். திங்கட்கிழமை நான் எத்தனை அடி நடப்பேன்னு உன் வாட்சைக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

வாட்சுக்குத் தெரியாது. நான் மறுநாள் காலையிலேயே தொலைந்த பொருட்கள் மீட்பு நிலையத்துக்கு ஓடினேன்.

பஸ்களில் விட்டுப்போகும் பொருட்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். டிப்போவுக்குப் பின்னால் பழைய கட்டடம். தூசியும் எலியும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். உள்ளே போனால் சிலுசிலுவென்று காற்று, மெத்தை வைத்த நாற்காலி, மெல்லிய இசை. சுவரில் சிவப்பு எழுத்தில் மின்பலகை: "இன்று குறைக்கப்பட்ட வருத்தம்: 86 அலகு". நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 91 ஆனது. எண் ஏறினால் எனக்குப் பொதுவாகவே மனசு குளிர்ந்துவிடும். எது ஏறுகிறது என்றெல்லாம் யோசிக்கமாட்டேன்.

பலகைக்குக் கீழே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சுற்றறிக்கை மாட்டியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. ஒரே வரி. "பொருளைத் தொலைத்தவர்களுக்குத் திருப்தித் தருவதே இந்நிலையத்தின் ஒரே நோக்கம்." கீழே பச்சை மையில் கையெழுத்து.

கவுண்டரில் ஓர் அம்மா இருந்தார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார்.

"வருத்தம் எவ்வளவு தம்பி? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"ஷூங்க. ஒத்த ஷூ. வலது கால்."

"என்ன தொலைஞ்சதுன்னு கேட்கலை. வருத்தம் எவ்வளவுன்னு கேட்டேன்."

ஓர் அலுவலகத்தில் என் வருத்தத்தைப் பற்றி யாரும் இதற்கு முன்னால் விசாரித்ததில்லை. கூச்சமாகிவிட்டது. வந்த இடத்தில் அலட்டிக்கொள்ளக் கூடாது என்று, "ரெண்டுங்க" என்றேன்.

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டா? ரெண்டை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? வரும்போது ஒரு வருத்தம் எழுதிக்குவோம். போகும்போது வாசல்ல இருக்கிற மெஷின்ல இன்னொரு நம்பரை அழுத்திட்டுப் போவீங்க. நடுவுல எவ்வளவு குறைஞ்சுதோ அது எங்க கணக்கு. ரெண்டோட வந்தா எங்களுக்கு என்ன தேறும்? ஒண்ணு. அந்த ஒண்ணுக்கு மிட்டாய் வேற குடுக்கணும்."

"சாரிங்க."

"பின்னாடி நிக்கிறாரே குடைக்காரர், அவரைப் பாருங்க. ஒம்பதுக்குக் குறைஞ்சு வந்ததே இல்லை."

பின்னால் நின்ற பெரியவர் அடக்கமாகச் சிரித்தார். "எல்லாம் பழக்கம்தான் தம்பி. மூணாவது தடவையா வர்றேன்."

"குடை கிடைச்சிருச்சுங்களா?"

"குடையா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கவுண்டர் அம்மா எனக்கு யோசனை சொன்னார். "வெளிய போய் நல்லா வருத்தப்பட்டுட்டு வாங்க. வீட்டுல யாராவது திட்டியிருப்பாங்கல்ல, அதை நினைச்சுக்குங்க."

நினைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெளியே வந்து அக்காவுக்கு போன் போட்டு, "ரெண்டுதான்னு சொல்லிட்டேன்க்கா, அதனால சேர்த்துக்கலை" என்றேன். அவள் பேசி முடித்தபோது என் காது சூடாகியிருந்தது. உள்ளே போய், "எட்டுங்க" என்றேன்.

"இப்பத்தான் முகத்துல ஒரு களை இருக்கு" என்று அம்மா எழுதிக்கொண்டார்.

அடுத்து ஆறுதல் அலுவலர். இஸ்திரி கலையாத சட்டை, பட்டுப் போன்ற குரல், மேஜையில் மடித்து அடுக்கிய கைக்குட்டைகள். ஒரு மிட்டாய் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டார். நான் பஸ், வாட்ச், பை, அக்கா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். என்ன தொலைந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும், "ஐயோ, பாவம்" என்றார். உண்மையிலேயே மனசு லேசானது. ஆறுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"வாங்க" என்று எழுந்தார். "உங்களுக்கு ஒண்ணு காட்டணும். இதைப் பார்த்தா உங்க கஷ்டமெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும்."

பின்பக்கம் பெரிய கூடம். தரையிலிருந்து கூரை வரை அலமாரி. குடைகள், சாப்பாட்டுப் பெட்டிகள், ஹெல்மெட்டுகள், கண்ணாடி டம்ளருக்குள் ஒரு பல்செட், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், எல்லாம் துடைத்து, அட்டை கட்டி, வரிசையாக இருந்தன. நடுவில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்கு மேலே சின்ன விளக்கு. விளக்குக்குக் கீழே, கறுப்புப் பாலிஷ் மின்ன, அக்காவின் ஷூ.

ஆறுதல் அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க. நமக்கு ஏதோ ஒரு பொருள்தான் போச்சு. இந்த ஷூவோட அடிப்பாகத்தைக் கவனிங்க. எவ்வளவு கனம். இதை நம்பி ஒரு ஜீவன் நடந்துக்கிட்டு இருந்திருக்கு. இப்போ அவங்க என்ன பாடுபடுறாங்களோ? அதை நினைச்சுப் பாருங்க. நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா?"

"அது எங்கக்காதாங்க" என்றேன்.

"எது?"

"அந்த ஜீவன்."

அவர் ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் முதல்தடவையாக ஒரு நிஜமான கவலை வந்தது.

"அப்போ உங்களுக்கு எதைக் காட்டுறது?" என்றார்.

அதைக் கேட்க என்னை நிலைய அதிகாரியிடமே கூட்டிப்போனார்.

அதிகாரி அன்பான மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. எழுந்து நின்று வரவேற்றார், எனக்கு டீ வரவழைத்தார், விஷயத்தை முழுசாகக் கேட்டார். அப்புறம் சுவரில் இருந்த சுற்றறிக்கையின் நகலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுல ஒரு எழுத்துப்பிழை இருக்கு, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை.

"'திருப்பித் தருவதே'ன்னு வரணும். 'பி' விழ வேண்டிய இடத்துல 'தி' விழுந்துடுச்சு. அதனாலதான் பாருங்க, அந்த 'த்' இன்னும் தனியா நின்னு முழிச்சுக்கிட்டு இருக்கு. எங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"அப்போ திருத்தச் சொல்லலாமேங்க?"

"எழுத்துப்பிழைதான் தம்பி. ஆனா அதுக்குக் கீழே கையெழுத்து இருக்கே. கையெழுத்தானதுக்கு அப்புறம் அது பிழை இல்லை, கொள்கை." டீயை ஒரு வாய் குடித்தார். "முதல்ல எங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. பொருளையும் குடுப்போம், திருப்தியும் குடுப்போம்னு ஆரம்பிச்சோம். சரிப்பட்டு வரலை. பொருள் கிடைச்சவன் என்ன பண்றான்? 'கிடைச்சிருச்சு!'ன்னு கத்திக்கிட்டு வாசலைப் பார்த்து ஓடுறான். மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. பத்து வருத்தத்தோட வந்தவன், எங்க கணக்குல பத்து வருத்தத்தோடயே நிக்கிறான். மொத்தமும் நஷ்டம். ஆனா பொருள் கிடைக்காதவன் இருக்கானே..." அதிகாரியின் கண் கனிந்தது. "அவன் தங்கம். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. உட்கார்றான், மிட்டாய் சாப்பிடுறான், மனசு விட்டுப் பேசுறான், நிதானமா நடந்து போய் பட்டனை அழுத்துறான். போன வருஷம் முழுக்கப் புள்ளிவிவரம் எடுத்துப் பார்த்தோம். பொருளைத் திருப்பிக் குடுக்கிறதுதான் மக்களோட திருப்திக்குப் பெரிய தடையா இருக்குன்னு தெரிஞ்சுது. நிறுத்திட்டோம்."

நான் தலையாட்டினேன். எண்களோடு சொன்னால் எனக்கு எதுவும் நியாயமாகத்தான் தெரியும். டீயும் நன்றாக இருந்தது. அப்புறம்தான் அக்கா ஞாபகம் வந்தது.

"சார், எல்லாம் சரிங்க. அந்த ஷூவை மட்டும் குடுத்துட்டீங்கன்னா..."

"அதை மட்டும் கேட்காதீங்க. வேற எதை வேணும்னாலும் கேளுங்க."

"வேற எதையும் நான் தொலைக்கலைங்களே?"

"தம்பி, அந்த ஷூ நேத்து ராத்திரிதான் வந்துச்சு. இன்னிக்குக் காலையில இருந்து ஒவ்வொருத்தருக்கும் கூடுதலா ரெண்டு அலகு இறங்குது. குடைக்காரர் அதைப் பார்த்துட்டு ஒண்ணை அழுத்திட்டுப் போனார். ஒண்ணு! சனிக்கிழமையோட மாசக் கணக்கு முடியுது. முதல் இடத்துக்குப் பெரிய கேடயம். வடக்கு டிப்போவுல ஒரு செயற்கைக் கால் வந்திருக்காம், அதை வச்சுக்கிட்டு எங்களைவிட முன்னாடி போய்க்கிட்டு இருக்காங்க. எங்ககிட்ட இருக்கிறது இந்த ஷூதான்."

"திங்கட்கிழமை எங்கக்கா வேலைக்குப் போகணுங்க. அது இல்லாம நடக்க முடியாது. வேலை போயிடும்." என் குரல் உடைந்துவிட்டது.

அதிகாரியும் கண் கலங்கினார். கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "எவ்வளவு நிஜமான வருத்தம். கவுண்டர்ல சொல்லி எட்டைப் பத்தாக்கிட்டு வாங்க. வீணாகக் கூடாது."

வீட்டுக்கு வெறும் கையோடு வந்தேன். வெறும் கை என்று சொல்ல முடியாது, மிட்டாய் இருந்தது. அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே மேஜைமேல் வைத்தாள்.

"ஷூ அங்க இருக்கு."

"இருக்குக்கா."

"நீ பார்த்த."

"பார்த்தேன். பாலிஷ் எல்லாம் போட்டு, விளக்கு போட்டு வச்சிருக்காங்க. உன்கிட்ட இருந்தப்பகூட அப்படி இருந்ததில்லை."

"பார்த்துட்டு, டீ குடிச்சுட்டு, வந்துட்ட."

"அவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குக்கா. புள்ளிவிவரம்..."

"டேய். ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள, நீ எவ்வளவு முட்டாள்?"

யோசித்து, "ஆறு" என்றேன்.

"ரொம்ப அடக்கம்டா உனக்கு."

கோபம் தணிந்ததும் அவளுக்குப் பயம் வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா திட்டினால் வீடு வீடாக இருக்கும். அன்றைக்கு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றாள், ஒத்திகை பார்க்கவில்லை, சும்மா நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் ஒரு காரியம் செய்தேன். வாசலில் கிடந்த ரப்பர் கால்மிதியை வெட்டி, துண்டு துண்டாக அடுக்கி, அக்காவின் பழைய ரப்பர் செருப்பில் வலது காலுக்கு அடியில் ஒட்டினேன். பசை போதவில்லை என்று சணல் கயிறு சுற்றினேன். கால்மிதியில் 'நல்வரவு' என்று எழுதியிருந்தது, அதில் 'வரவு' மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது. அக்கா போட்டு நடந்து பார்த்தாள். பச்சக், பச்சக் என்று சத்தம் வந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனா, என்னையும் கண்ணாடிக்குள்ள வச்சுடுவாங்க" என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, "அந்த இடத்துல சனிக்கிழமை கூட்டம் இருக்குமா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். மின்பலகை காலையிலேயே 140-ஐத் தொட்டிருந்தது. அக்கா இடது காலில் சாதாரண ரப்பர் செருப்பும் வலது காலில் என் கைவேலையுமாக, பச்சக், பச்சக் என்று கவுண்டருக்குப் போனாள்.

"வருத்தம் எவ்வளவும்மா?"

"பூஜ்யம்."

"பூஜ்யமா?"

"கோபம் பத்து."

கவுண்டர் அம்மா தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கோபத்துக்குக் கட்டம் இல்லைம்மா."

"அப்போ விடுங்க. நான் எதையும் வாங்க வரலை. சுத்திப் பார்க்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். முதுகு நிமிர்ந்தது. முகத்தில் ஃப்ரிட்ஜுக்குக் காட்டும் அந்தப் புன்னகை வந்தது.

"அனைவருக்கும் வணக்கம். உள்ளே ஒரு கூடம் இருக்கு. எல்லாரும் என் பின்னால வாங்க. ஒருத்தரை ஒருத்தர் இடிக்க வேண்டாம்."

ஆட்கள் போனார்கள். இவ்வளவு தெளிவாக ஒருத்தர் கூப்பிட்டால் யாரும் போகத்தான் செய்வார்கள். ஆறுதல் அலுவலரும் கைக்குட்டைகளோடு பின்னால் போனார்.

"உங்கள் இடது பக்கம் பாருங்கள். குடைகள். மழைக்காலத்தில் வந்து சேர்ந்தவை. கறுப்பு, கறுப்பு, கறுப்பு, நடுவில் ஒரு நீலம். நீலக் குடையின் கைப்பிடியில் வாத்துத் தலை செதுக்கியிருப்பதைக் கவனியுங்கள்."

"அது என் குடை!" என்றார் குடைக்காரர். மூன்று தடவை வந்தவர், ஒரு தடவைகூட இடது பக்கம் பார்த்ததில்லை. நேராக விளக்குக்குக் கீழே கூட்டிப்போய்க் கூட்டி வந்துவிடுவார்களாம்.

"தொடக் கூடாது ஐயா. இங்கே எதையும் தொடக் கூடாது. பார்த்துத் திருப்தி அடையணும். அடுத்து, பல்செட். சிரித்த நிலையில் இருக்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் தெரியவில்லை."

"எங்கப்பாவோடது" என்றது கூட்டத்தில் ஒரு பெண் குரல். "கஞ்சியாக் குடிச்சுக்கிட்டு இருக்கார்."

பச்சக், பச்சக். அக்கா நடுக்கூடத்துக்கு வந்தாள். வலி ஆரம்பித்திருந்தது. எனக்குத் தெரியும், உதட்டை லேசாகக் கடித்துக்கொள்வாள். குரலில் மட்டும் அது வரவில்லை.

"இதுதான் இந்தக் கூடத்தின் மிக முக்கியமான பொருள். ஒற்றை ஷூ. வலது கால். காலம், போன செவ்வாய்க்கிழமை. இதை நம்பி ஒரு ஜீவன் நடந்துகொண்டிருந்ததாக இங்கே சொல்வார்கள். அந்த ஜீவன் இப்போது என்ன பாடுபடுகிறது என்று நினைத்துப் பார்த்து, நீங்கள் எல்லோரும் ஆறுதல் அடைந்திருப்பீர்கள்." வலது காலை முன்னால் நீட்டினாள். "நினைத்துப் பார்க்க வேண்டாம். நேராகவே பார்க்கலாம். நான்தான்."

எல்லோரும் குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள். சணல் கயிறு, கால்மிதி, 'வரவு'. ஷூவைப் பார்த்தார்கள். மறுபடி காலைப் பார்த்தார்கள்.

"அவங்க ஷூ அங்கதானய்யா இருக்கு?" என்றார் குடைக்காரர் மெதுவாக. அப்புறம் மெதுவாக இல்லை. "எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே!"

"என் குடையும் அங்கதான் இருக்கு!"

"பல்லு, பல்லு!"

கோபத்துக்குத்தான் கட்டம் இல்லை. வருத்தத்துக்குப் பத்து பட்டன் இருந்தது. குடைக்காரர் போய்ப் பத்தை அழுத்தினார். திருப்தி வராமல் இன்னொரு தடவை அழுத்தினார். பல்செட் பெண் அழுத்தினாள். ஏழோடு வந்தவர்கள், ஐந்தோடு வந்தவர்கள் எல்லோரும் பத்தோடு வெளியேறத் தயாராக வரிசையில் நின்றார்கள். 140 சரசரவென்று இறங்கியது. எண் இறங்குவதைப் பார்க்க எனக்கு முதன்முறையாக மனசு குளிர்ந்தது. பலகைக்குக் கழித்தல் குறி தெரியாதுபோல, பூஜ்யத்தில் நின்று திணறிச் சிமிட்டியது.

அதிகாரி அறையிலிருந்து ஓடி வந்தார். "மேடம், மேடம், இங்க சத்தம் போடக் கூடாது."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். பின்வரிசையில இருக்கிறவங்களுக்குக் கேட்குதா?"

"நல்லா கேட்குது!" என்றது பின்வரிசை. நானும் சேர்ந்து கத்தினேன்.

"இப்போ உங்களுக்கு என்னதான் வேணும் மேடம்? வடக்கு டிப்போ ஜெயிச்சிடும்."

"என் ஷூ. வாங்குனதும் போயிடுறேன். தராட்டி, திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. தினமும் இங்க வந்து சுத்திக் காட்டுறேன். சம்பளம்கூட வேண்டாம்."

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை என்று ஏற்கெனவே சொன்னேன். உண்மையிலேயே தவித்தார். "குடுக்கணும்னுதான் எனக்கும் இருக்கு. ஆனா குடுத்தா எதுல எழுதுறது? திருப்பிக் குடுத்ததுன்னு இருந்த கட்டத்தை எடுத்துட்டாங்க. திருப்பித் தர எனக்கு வழியே இல்லை மேடம்." கொஞ்ச நேரம் சுற்றறிக்கை இருந்த திசையையே பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"திருப்பித்தான் தர முடியாது" என்றார். "ஆனா நான் திரும்பி நிக்கலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார். சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது, அதை ரொம்ப ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து ஆறுதல் அலுவலர் திரும்பினார். கவுண்டரில் அந்த அம்மா சுழல் நாற்காலியோடு அரைச் சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டினார். ஒரு நிலையமே திரும்பி நின்றது.

அக்கா கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். தரையில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, ஷூவைப் போட்டு, கட்டி, எழுந்து நின்றாள். நின்றவுடன் அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அவ்வளவு நாளாக அது ஏறியிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அதற்குள் குடைக்காரர் வாத்துத் தலையைப் பிடித்துவிட்டார். பல்செட் பெண் டம்ளரோடு தூக்கினாள். ஒருத்தர் ஹெல்மெட்டைத் தலையிலேயே மாட்டிக்கொண்டார். அப்புறம் எல்லோரும், "கிடைச்சிருச்சு!" என்று வாசலைப் பார்த்து ஓடினார்கள். அதிகாரியின் புள்ளிவிவரம் கொஞ்சமும் தப்பவில்லை. ஒருத்தர்கூட மெஷினைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காதான் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

"பட்டன்!" அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடியே கத்தினார். "போறப்ப யாராவது பட்டனை அழுத்துங்களேன்!"

தெருவில் அக்காவைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது. பாதி வழியில் வாட்ச் அதிர்ந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பெருமையாக இருக்கும். பார்த்தேன். ஆனால் ஓடிக்கொண்டேதான் பார்த்தேன்.

அக்கா சோதனை வாரத்தில் தேறிவிட்டாள். "பின்வரிசைக்கும் கேட்கிறது" என்று பாராட்டினார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் திடீரென்று செருப்பு ஞாபகம் வந்தது.

"டேய், அந்த வலது செருப்பை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம். வீட்டுக்குள்ள போட்டுக்க நல்லா இருந்துச்சு. நாளைக்குப் போய் வாங்கிட்டு வா."

போனேன். அதே காற்று, அதே இசை. மின்பலகை 310-ல் நின்றது. நான் பார்த்ததிலேயே பெரிய எண். அதிகாரியின் அறை வாசலில் ஒரு குட்டிக் கேடயம் மின்னியது. இரண்டாம் இடம். கவுண்டர் அம்மா கேட்டதும், பழக்கப்பட்டவன் மாதிரி, "எட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தின் நடுவில் அதே கண்ணாடிப் பெட்டி, அதே விளக்கு. கீழே என் கைவேலை. கால்மிதி, சணல் கயிறு, பசை வழிந்து காய்ந்த இடம், 'வரவு'. முன்னால் ஏழெட்டுப் பேர் கலங்கிப்போய் நின்றார்கள். ஆறுதல் அலுவலரின் குரல் பட்டாக வழிந்தது.

"பாருங்க. நமக்கு ஏதோ ஒரு பொருள்தான் போச்சு. இந்தச் செருப்பை ஒட்டுன லட்சணத்தைக் கவனிங்க. இப்படி ஒருத்தன் ஒரு வீட்டுல இருக்கான். அவனை வச்சுக்கிட்டு அந்தக் குடும்பம் என்ன பாடுபடுதோ? அதை நினைச்சுப் பாருங்க. நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் நினைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது.

வாசல் மெஷினில் ஒன்றை அழுத்திவிட்டு, மிட்டாயோடு வீட்டுக்கு வந்தேன்.

"எங்கடா செருப்பு?" என்றாள் அக்கா. "திருப்பித் தந்தாங்களா இல்லையா?"

"இல்லக்கா" என்றேன். "திருப்தி தந்தாங்க."